பதினைந்தும் பதினெட்டும்

குமுளியில் பிசியோதெரபி வேலைக்குச் சேர்ந்த புதிதில், முட்டிவலியோடு வந்தவர்களில் பாதிப் பேர் கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஜீப்பில் மலையேறி வேலைக்கு வரும் ஏலத்தோட்டத்துப் பெண்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரை ஒட்டித் தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் எடுத்தால் முட்டி என்னத்துக்கு ஆகும்?

முட்டியைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை, குவாட்ரிசெப்ஸ். அதன் பலத்துக்கு நாங்கள் கையால் எதிர்த்துப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவோம். புவியீர்ப்பை எதிர்த்துக் காலை நீட்டிவிட்டால் 3. அதற்கு மேலே எல்லாம் நம் கைக்குத் தோன்றுவதுதான். நடந்து வருகிற யாருக்கும் 4 போட்டுவிடலாம், மூன்று மாதம் கழித்தும் அதே 4. அதனால்தான் உள்ளங்கையில் அடங்கும் டைனமோமீட்டர் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அழுத்தினால் கிலோவில் எண் காட்டும்.

ஐம்பது வயது அக்கா ஒருவர். முதல் நாள் 15 கிலோ. மூன்று வாரம் கழித்து 18. "தசை நல்லா ஏறியிருக்கு அக்கா" என்றேன். "நீங்க சொன்னா சரிதான் தம்பி. ஆனா ஜீப்புல இன்னும் ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சுத் தொங்கித்தான் ஏறுறேன்."

அன்று ராத்திரிதான் உறைத்தது. முதல் முறை அளந்தது என் சக ஊழியர், மலையாளி. கருவியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். கணுக்காலுக்குச் சற்று மேலே, முட்டியிலிருந்து 30 சென்டிமீட்டரில். நான் வைத்ததோ 25-இல். கதவைக் கீல் பக்கம் தள்ளினால் பளு கூடுகிறதே, அதே கணக்கு. பதினைந்தை முப்பதால் பெருக்கினாலும் 450, பதினெட்டை இருபத்தைந்தால் பெருக்கினாலும் 450. அக்காவின் தசை அப்படியேதான் இருந்தது. ஏறியது என் கை.

அப்புறம் ஒரு ஜீப் டிரைவர் வந்தார். அவர் உதைத்த உதையில் நான் பின்னால் போனேன். கருவி காட்டியது அவர் பலத்தை அல்ல, நான் தாக்குப்பிடித்த அளவை. அன்றிலிருந்து கருவியைப் பெல்ட் போட்டுக் கட்டில் காலோடு கட்டிவிடுகிறோம்.

கால் தொங்க உட்கார வைத்து, முட்டி 90 டிகிரியில், கைகளை மார்பில் கட்டச் சொல்கிறோம். கட்டிலைப் பிடித்தால் எண் ஏறும். கருவி வைக்கும் இடத்தில் பேனாப் புள்ளி, முட்டியிலிருந்து அதன் தூரம் சீட்டில். ஒரு ஒத்திகை, பிறகு ஐந்தைந்து நொடியாக மூன்று தள்ளல், நடுவே ஒரு நிமிட ஓய்வு. வலித்தால் அதையும் எழுதுகிறோம், வலி இருக்கும்போது தசை முழுதாக உதைக்காது. வேலை முடித்து வருகிறவரை மறுமுறையும் சாயங்காலமே அளக்கிறோம். சத்தத்தில்தான் சண்டை வந்தது. 'தள்ளு' எங்கள் இரண்டு பாஷைக்கும் பொது, ஆனால் சக ஊழியர் போடும் கூச்சலில் யாருக்கும் கூடுதலாக ஒரு கிலோ வரும். கடைசியில் இருவரும் ஒரே குரலுக்கு இறங்கி வந்தோம்.

அக்காவுக்குக் காலில் மணல் பை கட்டிப் பயிற்சியைக் கூட்டினோம். ஆறு வாரம் கழித்து, அதே 30 சென்டிமீட்டரில் 17 காட்டியது. எண்ணைச் சொல்லாமல், ஜீப் எப்படி என்று கேட்டேன்.

"இப்ப ஒரு கைதான் தம்பி. இன்னொரு கையில தூக்குவாளி."