பழைய லேப்டாப்பில் லுவான்டி சர்வர்: கடைமடைக்குத் தண்ணீர் வந்தது வரை

மன்னார்குடிக்குப் பக்கத்தில் பாமணியாற்றங்கரையில் எங்கள் ஊர். நான் ஒரு அரிசி ஆலையில் கணக்கு பார்க்கிறேன். மே மாத லீவில் மகளும் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேரும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு திண்ணையில் தனித்தனியாகக் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் இந்த வேலையை எடுத்தேன். குனிந்தே இருக்கட்டும், ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் விளையாடட்டும் என்று நினைத்தேன். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மகனும் அதில் சேர வேண்டும் என்பது மகளின் நிபந்தனை.

லுவான்டி என்ற விளையாட்டைத் தேர்ந்தெடுத்தேன். முன்பு மைன்டெஸ்ட் என்று பெயர். 2024 அக்டோபரில் பெயர் மாற்றினார்கள். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். பிளாக் பிளாக்காக மண்ணை வெட்டலாம், கட்டலாம், தண்ணீர் விடலாம். தண்ணீர் விடலாம் என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய விஷயமாக ஆகப்போகிறது என்று அப்போது தெரியாது.

சர்வருக்குக் கிடைத்தது பரணில் கிடந்த லேப்டாப். 2 ஜிபி ராம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், பத்து நிமிஷம் தாங்கும் பேட்டரி. டெபியன் லினக்ஸ் போட்டேன், டெஸ்க்டாப் இல்லாமல், கறுப்புத் திரை மட்டும். பிறகு எல்லா வேலையும் என் போனில் டெர்மக்ஸ் என்ற ஆப் வழியாக எஸ்எஸ்எச் போட்டு, அதாவது தள்ளி இருந்தே கட்டளை கொடுத்துத்தான்.

புது வெர்ஷன் வேண்டும் என்று மூலக் குறிமுறையை இறக்கி நானே கம்பைல் செய்தேன், அதாவது ஓடும் நிரலாக மாற்றினேன். எதையெதைக் கம்பைல் செய்வது என்று சொல்லும் சிமேக் கட்டளை கொடுக்கும்போது பில்டு சர்வர் ட்ரூ, பில்டு கிளையன்ட் ஃபால்ஸ், ரன் இன் ப்ளேஸ் ட்ரூ என்று மூன்றையும் கொடுத்தேன். சர்வருக்குத் திரை வேண்டாம் என்பதால் கிளையன்ட், அதாவது விளையாடும் பக்கம், தேவையில்லை. மூன்றாவது, எல்லாக் கோப்பும் ஒரே ஃபோல்டருக்குள் இருப்பதற்கு. பின்னால் நகல் எடுக்கும்போது இது கைகொடுத்தது. மேக் கட்டளையில் நாலு வேலை ஒரே நேரத்தில் ஓடட்டும் என்று கொடுத்ததில் பாதி வழியில் "கில்டு" என்று கம்பைலர் செத்து நின்றது. ராம் பத்தவில்லை. ஒன்றே ஒன்று ஓடட்டும் என்று மாற்றிப் போட்டுவிட்டு ஆலைக்குப் போய்விட்டேன். மதியம் சாப்பிட வந்தபோது முடிந்திருந்தது.

ஒன்று கவனிக்க வேண்டும். 5.8 வெர்ஷனிலிருந்து என்ஜினோடு, அதாவது லுவான்டியின் அடிப்படை நிரலோடு, விளையாட்டு சேர்ந்து வருவதில்லை. மைன்டெஸ்ட் கேமைத் தனியாக இறக்கி கேம்ஸ் ஃபோல்டரில் வைத்த பிறகுதான் சர்வர் கிளம்பியது.

கான்ஃபிக் கோப்பில் முதலில் எழுதியவை கொஞ்சம்தான். நேம் என்ற இடத்தில் என் விளையாட்டுப் பெயர், அதுதான் அட்மின். டிஸ்அலோ எம்ப்டி பாஸ்வேர்டு ட்ரூ, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் நுழைய முடியாது. எனேபிள் ரோல்பேக் ரெக்கார்டிங் ட்ரூ. சொற்களுக்கு நடுவில் அண்டர்ஸ்கோர் வரும். ரோல்பேக்கைப் பிள்ளைகள் வைத்த சர்வர் எதிலும் முதல் நாளே போட்டுவிடுங்கள் என்பேன். யாராவது அடுத்தவர் வீட்டை இடித்துவிட்டால், அந்த ஆள் கடைசி 600 விநாடியில் செய்ததையெல்லாம் திருப்பு என்று ஒரே கட்டளையில் சொல்லலாம். இரண்டு அழுகையை அது நிறுத்தியிருக்கிறது.

உலகத்தைச் சமவெளியாக உருவாக்கச் சொல்லியும் முதல் தடவை மலையும் குகையுமாகவே வந்தது. எம்ஜி நேம் ஃபிளாட் என்று எழுதி ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன், அதே மலை. காரணம், உலகம் முதன்முதலில் பிறக்கும்போதே நிலத்தின் கணக்கு அதன் ஃபோல்டருக்குள் மேப் மெட்டா என்ற கோப்பில் பதிந்துவிடுகிறது. பிறகு கான்ஃபிக்கில் என்ன எழுதினாலும் அது காது கொடுக்காது. உலக ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை தரைமட்டத்தை 30 என்று வைத்தேன். கண்ணுக்கு எட்டிய வரை ஒரே மட்டம், அங்கங்கே மரம். "நம்ம ஊரு மாதிரியே இருக்கும்மா" என்றாள் மகள்.

வீட்டு வைஃபையில் பிள்ளைகளைச் சேர்க்க ஒரு சாயங்காலம் போனது. ஃபயர்வாலில் 30000-ம் போர்ட்டை டிசிபிக்குத் திறந்து வைத்திருந்தேன். லுவான்டி பேசுவது யுடிபி என்ற வேறு முறையில். அதை மாற்றியதும் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். லேப்டாப் மூடியை யாரோ சாத்தியதும் சர்வர் தூங்கிவிட்டது. லாக்இன்டி கான்ஃபிக்கில் ஹேண்டில் லிட் ஸ்விட்ச் இக்னோர் என்று போட்டேன். கரண்ட் போய் வந்த மறுநாள் லேப்டாப்புக்கு வேறு ஐபி கிடைத்து யாராலும் நுழைய முடியவில்லை. ரூட்டரில் அதன் பெயருக்கு ஒரே முகவரியைப் பூட்டி வைத்தேன். சிஸ்டம்டியில் ஒரு சர்வீஸ் கோப்பும் எழுதிவிட்டதால் கரண்ட் வந்ததும் தானாகவே எழுந்துகொள்கிறது.

சிங்கப்பூர்தான் பிடிகொடுக்கவில்லை. வெளியிலிருந்து வருவதை லேப்டாப்புக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை ரூட்டரில் சரியாகப் போட்டிருந்தும் வெளியிலிருந்து ஒரு பாக்கெட்கூட வரவில்லை. இரண்டு இரவு போன பிறகுதான் ரூட்டரின் வெளிப்பக்க ஐபியைப் பார்த்தேன். 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரிகள் இன்டர்நெட் கம்பெனிகள் பல வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் அடைத்து வைப்பதற்கு ஒதுக்கியவை. நம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துப் பயனில்லை, தெருக்கதவு நம் கையில் இல்லை. தூரத்தில் இருக்கும் கருவிகளைத் தனி வலையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டேன். லேப்டாப்பில் ஒன்று, அண்ணன் மகன் போனில் ஒன்று. அதுவும் 100 என்று தொடங்கும் முகவரியைத்தான் கொடுக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டெயில்ஸ்கேல் கொடுத்த முகவரியை அவனுக்கு அனுப்பினேன். இரவு ஒன்பது மணிக்கு, அங்கே பதினொன்றரைக்கு, சாட்டில் "அத்தை வந்துட்டேன்" என்று ஆங்கில எழுத்தில் வந்தது.

ஆங்கில எழுத்து என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. விளையாட்டுப் பெயர் தமிழில் வைக்க முடியாது, அது ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன், அண்டர்ஸ்கோர் இவற்றை மட்டுமே ஏற்கும். சாட்டில் தமிழில் தட்டினால் முதலில் வெறும் பெட்டிகள். என் கம்ப்யூட்டரில் தமிழ் ஃபான்ட்டைக் காட்டிக் கொடுத்தேன். எழுத்து வந்தது, ஆனால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. "மேட்டூர்" என்று எழுதினால் மகரத்துக்குப் பிறகு இரட்டைக்கொம்பு. ஃபான்ட் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது, எழுத்தைக் கோக்கும் வேலையை என்ஜினே கற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை பிள்ளைகள் "thanni vanthuruchu" பாணியில் தங்லீஷில்தான் பேசிக்கொள்வார்கள்.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டர் ஏற்றி இறக்கி, மட்டம் பார்த்து எழுதி, ஆற்றோரமே கழிந்த வாழ்க்கை. பிள்ளைகள் கல்லணை கட்டுகிறோம் என்று ஆரம்பித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தலைப்பில், அதாவது வாய்க்கால் தொடங்கும் இடத்தில், ஒரு குளம் வெட்டி இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். லுவான்டியில் ஊற்று பிளாக் இரண்டுக்கு நடுவில் உள்ள காலி இடம் தானும் ஊற்றாகிவிடும், ஆகவே குளம் வற்றாது. ஆனால் வாய்க்காலில் விட்டால் சமதரையில் ஏழெட்டு பிளாக் போய்த் தண்ணீர் நின்றுவிடுகிறது. மகள் எட்டு பிளாக்குக்கு ஒரு வாளி ஊற்றிக்கொண்டே போனாள். அப்பா திரையைக் காட்டிக் கேட்டார்:

"இது என்னம்மா, நடுவுல நடுவுல?"

"தண்ணி பத்தல தாத்தா. அதான் இங்கயும் ஊத்தறேன்."

"அப்ப அது ஆத்துப் பாசனம் இல்ல, போர் பாசனம். வாய்க்காலுக்கு வாட்டம் குடு. தண்ணி தானா போவும்."

வாட்டம், அதாவது சரிவு, கொடுத்துப் பார்த்தோம். பத்து பிளாக்குக்கு ஒரு பிளாக் இறக்கினால் இறக்கத்தை எட்டுவதற்குள் தண்ணீர் செத்துவிடுகிறது. ஏழுக்கு ஒன்றும் கடைசியில் மெலிந்துபோனது. நாலு பிளாக்குக்கு ஒரு பிளாக் இறக்கியபோது நிற்காமல் ஓடியது. ஒவ்வொரு விழுகையிலும் தண்ணீர் இழந்த மட்டத்தில் நாலு படியைத் திரும்பப் பெறுகிறது, அதனால் நாலுக்கு ஒன்று கணக்கு பொருந்துகிறது. 100 பிளாக் நீளத்துக்கு 25 பிளாக் இறங்கினோம். கடைமடையில், அதாவது வாய்க்காலின் கடைசியில், அது வாய்க்காலாக இல்லை, கிணறு மாதிரி ஆழம். அப்பாவுக்கு அதில் திருப்தியில்லை. நம் பக்கத்து வாட்டம் கண்ணுக்கே தெரியாது, தண்ணீருக்கு மட்டும்தான் தெரியும் என்றார். என்ஜினில் தண்ணீர் இதற்கு மேல் நீளாது, அதை நான் மாற்ற முடியாது.

ஷட்டருக்குக் கதவு வைத்துப் பார்த்தார்கள். கதவைத் திறந்தாலும் அந்த பிளாக்கில் கதவு இருப்பதாகவே கணக்கு, தண்ணீர் போகாது. கடைசியில் மண் பிளாக்கை எடுப்பதும் வைப்பதும்தான் ஷட்டர்.

அடுத்து வந்த சிக்கலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தலைப்பில் மண்ணை எடுத்துத் திறந்தார்கள். எல்லாரும் தலைப்பிலேயே நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் மகன் சிங்கப்பூரிலிருந்து நுழைந்து தலைப்பு வழியாக நடந்து கடைமடைக்குப் போனால், பாதி வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. அவன் நடக்க நடக்கத் தண்ணீர் அவன் கூடவே வருகிறது.

சர்வர் உலகம் முழுவதையும் நினைவில் வைத்திருப்பதில்லை. 16க்கு 16க்கு 16 என்று துண்டு துண்டாக, மேப்பிளாக் என்று பெயர், ஆள் இருக்கும் சுற்றுவட்டாரத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளும். ஆள் இல்லாத துண்டை அரை நிமிஷத்தில் கீழே வைத்துவிடும். அங்கே தண்ணீர் ஓடாது. கடைமடையில் ஆள் இருந்தால்தான் தண்ணீர். அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியமே படவில்லை. "ராத்திரி மடையில ஆளு படுத்திருந்தாத்தாம்மா தண்ணி வரும். இல்லாட்டி மேலக்காரன் அடைச்சிப்புடுவான்" என்றார்.

வாய்க்கால் போகும் மேப்பிளாக்குகளை எப்போதும் விழித்திருக்கச் செய்ய லுவா மொழியில் ஒரு சின்ன மாட், அதாவது கூடுதல் நிரல், எழுதினேன், ஃபோர்ஸ்லோடு பிளாக் என்ற ஒரே அழைப்பைத் துண்டுக்கு ஒரு முறை கொடுப்பதுதான் வேலை. இயல்பாக 16 துண்டு வரை அனுமதி. எங்கள் வாய்க்காலுக்கு 9 போதுமாக இருந்தது. இப்போது யாரும் இல்லாவிட்டாலும் கடைசி வரை ஓடுகிறது.

மே கடைசியில் ஒரு கோடை மழை. இடி, கரண்ட் இல்லை, பத்து நிமிஷத்தில் பேட்டரியும் போனது. திரும்ப வந்தபோது சர்வர் எழவில்லை. லினக்ஸின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் வரிசையாக ஐ ஓ எர்ரர். ஹார்ட் டிஸ்க் தேய்ந்துவிட்டது. கவலைப்படவில்லை, தினமும் இரவு எட்டரைக்கு உலக ஃபோல்டரைப் பென்டிரைவுக்கு சிபி என்ற சாதாரண நகல் கட்டளையால் எடுக்க, குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் வைத்திருந்தேன். வேறு டிஸ்க் மாட்டி அந்த நகலைப் போட்டால் "டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு" என்றது, அதாவது கோப்பு சிதைந்திருக்கிறது.

உலகம் முழுக்க மேப் டாட் எஸ்க்யூலைட் என்ற ஒரே டேட்டாபேஸ் கோப்பில் இருக்கிறது. எட்டரை மணி பிள்ளைகள் மும்முரமாக விளையாடும் நேரம். சர்வர் ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்க, சிபி இன்னொரு பக்கம் அதை வரிசையாகப் படித்து நகல் எடுத்தது. முன்பாதி பழையது, பின்பாதி புதியது, இரண்டும் ஒட்டவில்லை. ஒரு வாரத்து நகலையும் பார்த்தேன், மூன்று இதே மாதிரி.

சிதைந்த கோப்பிலிருந்து முடிந்ததை மீட்கும் எஸ்க்யூலைட்டின் டாட் ரிக்கவர் கட்டளை போட்டு, வந்ததைப் புதுக் கோப்பில் கொட்டினேன். பெரும்பகுதி பிழைத்தது. மகள் நுழைந்து கரையோரமாக நடந்தாள். ஓரிடத்தில் வாய்க்கால் வெட்டிய கோடு போல நின்றுபோனது. அதற்கப்புறம் 16 பிளாக் சதுரத்துக்குப் பச்சைப் புல், நடுவில் ஒரு மரம், மனிதக் கையே படாதது போல. சதுரத்துக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் மறுபடி தொடங்குகிறது. காணாமல் போன துண்டை என்ஜின், முதல் நாள் உலகத்தை உருவாக்கிய அதே விதை எண்ணிலிருந்து புதிதாக உருவாக்கி வைத்திருந்தது. அப்படி நாலு சதுரம். அவள் ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை எடுத்து மரத்தடியிலிருந்து வெட்டத் தொடங்கினாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்று இரவே சிபியை எடுத்துவிட்டு எஸ்க்யூலைட்டின் சொந்த டாட் பேக்கப் கட்டளையைப் போட்டேன். சர்வர் ஓடும்போதும் அது முழுமையான நகலைத் தரும். நேரத்தை விடியற்காலை மூன்றுக்கு மாற்றினேன். நகல் எடுத்ததும், கோப்பு சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் இன்டெக்ரிட்டி செக் ஓடி, "ஓகே" என்ற சொல் வராவிட்டால் பழைய நகலை அழிக்காதே என்று ஸ்கிரிப்ட்டில் இரண்டு வரி சேர்த்தேன். பிளேயர்ஸ், ஆத் என்ற மற்ற இரண்டு டேட்டாபேஸுக்கும் அதே. காலையில் டீ போடும்போது போனில் அந்த ஓகேவைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பை அணைக்கிறேன். லேப்டாப்புக்கு இன்வெர்ட்டரிலிருந்து ஒரு லைன் இழுத்தாகிவிட்டது, ரூட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரிப் பெட்டி.

நாலு சதுரத்தையும் வெட்டி முடிக்க மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் இரவு தலைப்பில் மகள் நின்றாள், கடைமடையில் அண்ணன் மகன். மண் பிளாக்கை எடுத்தாள். சாட்டில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு "vanthuruchu" என்று ஒரே சொல்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை நெருங்கிப் பார்த்தார். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலும் பிரிவதைப் பிள்ளைகள் சரியாக வைத்திருந்தார்கள். வெண்ணாற்றின் மேல் விரலை வைத்துக் கீழே இழுத்துக்கொண்டே போனார்.

"நீடாமங்கலத்துக்கிட்ட மூணாறு தலைப்பு எங்கம்மா? வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு அங்கதான பிரியும். அது இல்லாம நம்ம ஊருக்குத் தண்ணி எப்படி வரும்?"

மூணாறு தலைப்பையும் சேர்த்தால் 16 மேப்பிளாக் போதாது. கான்ஃபிக்கில் மேக்ஸ் ஃபோர்ஸ்லோடட் பிளாக்ஸ் 48 என்று மாற்றியிருக்கிறேன். 2 ஜிபி ராம் தாங்குகிறதா என்று இன்று இரவு பார்க்க வேண்டும்.