குடிநீர் வசதி: ‘ஆம்’

பின்தங்கிய மாவட்டங்களை மேம்படுத்த மத்திய அரசு கொண்டுவந்த ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ திட்டம் 2018-இல் தொடங்கியபோது தமிழகத்திலிருந்து சேர்க்கப்பட்டவை இரண்டே மாவட்டங்கள்: எங்கள் இராமநாதபுரமும் பக்கத்து விருதுநகரும். மதிப்பீட்டில் கல்விக்கு 30 சதவீதம். தொடக்கப் பள்ளி முடித்தவர்கள் மேலே படிக்கப் போகிறார்களா, மாணவியர் கழிப்பறை இயங்குகிறதா, குடிநீர் உண்டா, பாடநூல் முதல் மாதத்துக்குள் கைக்கு வந்ததா என்றெல்லாம் கணக்கெடுக்கிறார்கள். நல்ல கேள்விகள்தான். நான் படித்த காலத்தில் இவற்றைக் கேட்க நாதியில்லை.

நேற்று மண்டபம் பக்கம் ஒரு கடலோரப் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம். படிவத்தில் குடிநீருக்கு நேராக ‘ஆம்’ என்று எழுதியிருந்தது. வெளியே போய்க் குழாயைத் திறந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். உப்புக் கரித்தது, துப்பிவிட்டேன். பிள்ளைகளின் பைகளில் வீட்டுத் தண்ணீர்ப் பாட்டில்கள். “குழாய் இருக்கிறதே, அண்ணே!” என்று சத்துணவு அக்கா சிரித்தார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. படிவம் கேட்டது அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் மூன்று நாட்களாக வரவில்லையாம். அம்மா கடல்பாசி எடுக்கத் தீவுக்குப் போயிருக்கிறார்; கைக்குழந்தையாக இருக்கும் தம்பியை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அதை எழுத எந்தக் கட்டமும் இல்லை. தலைமையாசிரியர் பென்சிலால் ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறார்.