வெட் இல்லை, டாம்ப்

பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து எனக்கு அது இரண்டாவது வருஷம். அக்டோபர் மழையில் பேக்கிங் முடித்து, தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிய டீ-ஷர்ட்கள் நவம்பர் கடைசியில் இங்கிலாந்தில் இறங்கின. இரண்டே நாளில், சரக்கு வாங்கிய பையர் அம்மாவிடமிருந்து மெயில். கார்ட்டன்கள் டாம்ப் ஆக இருக்கின்றன, உள்ளே துணியும் அப்படித்தான், பூஞ்சை வாடை வேறு அடிக்கிறது என்று.

எனக்கு வந்ததே கோபம். பேக்கிங் நடந்த இரண்டு ராத்திரியும் பக்கத்திலேயே நின்றவள் நான். ஒரு பீஸ் மேல் ஒரு சொட்டு மழை பட்டிருக்காது. 'எங்கள் துணி எதுவும் வெட் ஆகவில்லை, போட்டோ இருக்கிறது' என்று வீராப்பாகப் பதில் போட்டேன். அந்த அம்மா ஒரே வரியில் திருப்பி எழுதினார்: 'நான் வெட் என்று சொல்லவில்லையே, டாம்ப் என்றுதானே சொன்னேன்?'

பல்லடத்தில் தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு இரண்டும் ஈரம்தான். ஈரத்தில் என்ன சின்ன ஈரம், பெரிய ஈரம்?

இருக்கிறது. வெட் என்றால் தண்ணீர் அங்கே நிற்கிறது. பார்த்தாலே தெரியும், தொட்டால் கையில் ஒட்டும். டாம்ப் என்பது கொடியில் முக்கால்வாசி காய்ந்த பேன்ட்டின் இடுப்புப் பட்டி மாதிரி. பார்த்தால் தெரியாது. கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்கும். முறுக்கிப் பிழிந்தாலும் ஒரு சொட்டு வராது.

எங்கள் சரக்குக்கு நடந்ததும் அதேதான். அவசரத்தில், ஸ்டீம் அயர்ன் செய்த சூடு ஆறுவதற்குள் பீஸை மடித்து பாலிபேக்கில் போட்டுவிட்டார்கள். ஆவி உள்ளேயே மாட்டிக்கொண்டது. மழையில் அட்டைப்பெட்டியும் காற்றிலிருந்த ஈரத்தைக் குடித்திருந்தது. கடலில் ராத்திரி கன்டெய்னரின் தகரம் குளிர, உள்ளே கூரையில் வேர்த்துச் சொட்டும். யாரும் நனைக்காமலேயே துணி ஈரமானது.

இதில் ஒரு வேடிக்கை. நன்றாகக் காய்ந்தது என்று நாம் நினைக்கும் பருத்தித் துணியிலும் தண்ணீர் இருக்கிறது. முழுக்க உலர்த்திய 100 கிராம் பருத்தி, 65 சதவீத ஈரப்பதமுள்ள அறையில் கிடந்தால் சுமார் 8.5 கிராம் தண்ணீரைத் தானாக இழுத்துக்கொள்ளும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். பாலியஸ்டர் அரை கிராம்கூட எடுக்காது. அந்த எட்டரை கிராமை யாரும் டாம்ப் என்று சொல்வதில்லை. அதற்கு மேலே போய் கைக்குத் தெரிகிற ஈரத்துக்குத்தான் அந்தப் பெயர்.

சரி என்று மன்னிப்பு மெயில் எழுதினேன். டாம்ப் என்ற சொல்லை மறுபடி எழுத ரோஷம் விடவில்லை. டிக்‌ஷனரியில் அதற்கு அர்த்தமாகப் பக்கத்திலேயே மாய்ஸ்ட் இருந்தது. 'இனிமேல் உடைகள் மாய்ஸ்ட் ஆக இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம்' என்று அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் எங்கள் முதலாளி பார்த்திருந்தால் தடுத்திருப்பார். 'ஏனுங்க, அது கேக்குக்குச் சொல்றதுங்க' என்று மறுநாள் சிரித்தார்.

அன்றைக்குத்தான் கவனித்தேன். பேக்கரி போர்டில் 'மாய்ஸ்ட் சாக்லேட் கேக்' இருக்கும். டாம்ப் கேக் என்று எழுதினால் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். செடி வளர்க்கும் மண் மாய்ஸ்ட் ஆக இருக்கலாம், கண்ணும் இருக்கலாம். சுவரும் மெத்தையும் சாக்ஸும் டாம்ப். கிட்டத்தட்ட ஒரே அளவு தண்ணீர்தான். வேண்டி வைத்த ஈரம் மாய்ஸ்ட், வேண்டாமல் வந்தது டாம்ப் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். நூற்றுக்கு எண்பது சரியாக வரும். மீதி இருபதில் எங்கள் வாஷ்கேர் லேபிளே இருக்கிறது: டாம்ப் ஆக இருக்கும்போதே அயர்ன் செய்யவும் என்று அச்சடித்து நாங்களே தைத்து அனுப்புகிறோம், அங்கே அது குறையே இல்லை. அப்புறம், மாய்ஸ்ட் என்ற சத்தத்தைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவர்கள் ஆங்கிலம் பேசுகிறவர்களிலேயே நிறைய உண்டு. கேக்குக்கு மட்டும் விதிவிலக்கு.

டாம்ப் என்ற சொல்லுக்கு முதலில் அர்த்தம் ஈரமே இல்லையாம், ஆவியாம். ஜெர்மன் மொழியில் டாம்ப்ஃப் என்றால் இன்றும் நீராவிதான். நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடிக்கும் வாயுவுக்கு இங்கிலாந்தில் ஃபயர்டாம்ப் என்று பெயர். விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி 1815-ல் பாதுகாப்பு விளக்கு செய்தது அதற்குப் பயந்துதான். இதைப் படித்தபோது என் ஆத்தா வீட்டுப் பின்சுவர் ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு உரியும். 'ஓதம் ஏறிப்போச்சு' என்பார். அதேதான். ஓதம் என்ற சொல் எனக்குத் தெரிந்தே இருந்தது, மெயில் எழுதும்போது வரவில்லை.

ஹ்யூமிட் காற்றுக்கு, கிளாமி வேர்த்துக் குளிர்ந்த உள்ளங்கைக்கு, டேங்க் (dank) வெளிச்சம் புகாத குடோனுக்கு. இவற்றில் எனக்குக் குழப்பமில்லை.

சாகி என்ற சொல்லோடுதான் சண்டை. தண்ணீர் குடித்துக் கொழகொழத்துப் போனது என்று அர்த்தம், பெரும்பாலும் திட்டுதான். ஒருமுறை ஃபேக்டரிக்கு வந்த பையர் டீமுக்குச் சாம்பார் வடை வாங்கி வைத்தோம். ஒருவர் ஸ்பூனால் தொட்டுப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னார். நாங்களோ நல்லா ஊறியிருக்கிற வடையாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தோம்!

பதிலுக்கு அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: நமுத்துப்போவது. முறுக்கு, அப்பளம், தீக்குச்சி, பட்டாசு எல்லாம் நமுக்கும். தொட்டால் ஈரம் தெரியாது, ஆனால் மொறுமொறுப்போ வெடிப்போ போய்விடும். ஆங்கிலத்தில் பட்டாசுக்கு மட்டும் டாம்ப் ஸ்குவிப் என்று உண்டு. சொதப்பிய எந்த ஏற்பாட்டையும் அப்படிச் சொல்வார்கள். பிஸ்கட் நமுத்தால் 'மெத்தென்று ஆகிவிட்டது' என்றோ 'பழசு' என்றோ சுற்றி வளைக்க வேண்டியதுதான். இத்தனைக்கும் அந்த நமுப்பு பிரிட்டனில் வரி வழக்கு வரை போயிருக்கிறது. ஜாஃபா கேக் என்ற தின்பண்டம் கேக்கா, பிஸ்கட்டா? சாக்லேட் பூசிய பிஸ்கட் என்றால் வரி உண்டு, கேக் என்றால் இல்லை. 1991-ல் தீர்ப்பாயம் கேக் என்று முடிவு செய்தது. சொன்ன காரணங்களில் ஒன்று: பழசானால் பிஸ்கட் மெத்தென்று ஆகும், கேக் இறுகும், இது இறுகுகிறது.

அந்த நவம்பர் சரக்குக்கு அந்த அம்மா க்ளெய்ம் போடவில்லை. பெட்டிகளைப் பிரித்து ஆற வைத்து, வாடை போன பீஸ்களை எடுத்துக்கொண்டார்கள். சொச்சத்துக்கு மட்டும் விலையில் கழித்தார்கள். என் வேலை தப்பியது அதனால்தான். நன்றி சொல்லி எழுதும்போது, 'ஈரமுள்ள மனுஷி' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். 'யூ ஆர் எ வெட்' வரை டைப் செய்துவிட்டு, ஏதோ உறுத்தி அழித்துவிட்டேன். பிரிட்டனில் ஒருவரை வெட் என்றால் முதுகெலும்பில்லாதவர் என்று அர்த்தம். அங்கே பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் தன் கட்சியிலேயே தனக்கு ஒத்துவராத மிதவாத அமைச்சர்களை அப்படித்தான் சொல்வாராம். இது எனக்குத் தெரிய வந்தது நாலு வருஷம் கழித்து.