நாள் கடந்த கர்ப்பம்: மருந்து வைப்பதா, காத்திருப்பதா?

என் தலைப்பிரசவத்துக்கு மருத்துவர் குறித்துக் கொடுத்திருந்த நாள் 2025 மே 3. அன்று வலியின் அறிகுறி ஒன்றுகூட இல்லை. அதற்கு அடுத்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் நடந்த பேச்செல்லாம், தானாக வலி வரும்வரை காத்திருப்பதா, மருத்துவமனையில் சேர்ந்து மருந்து வைத்து வலியை வரவழைப்பதா என்பதைச் சுற்றியே இருந்தது. இதே நிலையில் இருக்கும் பெண்களுக்குப் பயன்படலாம் என்பதால், எதையெல்லாம் எடைபோட்டு நாங்கள் முடிவெடுத்தோம் என்பதை எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வீட்டுச் சண்டையில் பாதி அங்கிருந்துதான் கிளம்பியது. எனக்குக் கடைசியாக மாதவிலக்கு வந்தது 2024 ஜூலை 18. அதிலிருந்து 280 நாட்களைக் கூட்டிக் கிராம சுகாதாரச் செவிலியர் அட்டையில் எழுதிக் கொடுத்த பிரசவ நாள் ஏப்ரல் 24. இந்தக் கணக்கு 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்குத்தான் பொருந்தும். எனக்கோ எப்போதும் ஒரு வாரம் பத்து நாள் தள்ளித்தான் வரும். பன்னிரண்டாவது வாரத்தில் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் உச்சியிலிருந்து பிட்டம்வரை அளந்து பார்த்தபோது, வயது ஒன்பது நாள் குறைவாக இருந்தது. முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனின் கணக்கு ஒரு வாரத்துக்கு மேல் வேறுபட்டால் ஸ்கேன் நாளையே எடுத்துக்கொள்வது வழக்கம் என்று சொல்லி, மருத்துவர் மே 3 என்று மாற்றினார். அட்டையில் இருந்த பழைய தேதி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதனால் என் அம்மாவின் கணக்கில் நான் இரண்டு வாரம் தாண்டியவள். மருத்துவரின் கணக்கில் இன்னும் 41 வாரம்கூட நிறையாதவள். மே 10ஆம் தேதிதான் 41 வாரம் நிறைந்தது. நாள் தள்ளிப்போவதைப் பற்றி யார் பேசினாலும், எந்த ஸ்கேனை வைத்துப் பேசுகிறார்கள் என்று முதலில் கேட்பது நல்லது.

அம்மா ஒரு பக்கம் அவசரப்பட்டார் என்றால், அத்தை மறுபக்கம் இழுத்துப் பிடித்தார். அத்தைக்குக் கவலை வாரத்தைப் பற்றியது அன்று, மாதத்தைப் பற்றியது. சித்திரையில் தலைப்பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. புதுமணத் தம்பதியை ஆடியில் பிரித்து வைப்பதே அதற்காகத்தானே! எங்களுக்குத் திருமணமாகி மூன்றாவது ஆடி என்பதால் யாரும் பிரிக்கவில்லை; விளைவு சித்திரையில் வந்து நின்றது. அந்த ஆண்டு வைகாசி பிறந்தது மே 15. "இன்னும் அஞ்சாறு நாள்தானத்தா, பொறுத்துக்கிட்டா வைகாசி வந்துரும். பிள்ளை தானா வரட்டும், நாமளா எதுக்கு ஊசி போட்டு இழுக்கணும்?" என்றார் அத்தை. அவர் என்மீது வைத்திருக்கும் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அஞ்சாறு நாள்தான் மருத்துவர் எச்சரித்த அதே நாட்கள். என் அம்மாச்சிதான் ஒரே வரியில், "சித்திரை மாசம் பொறந்த சீர்கேடனும் இல்ல, ஐப்பசி மாசம் பொறந்த அதிர்ஷ்டவானும் இல்ல" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கப் போய்விட்டார்.

நான் கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுப்பவள். ஆகவே யாராவது "ஆபத்து கூடும்" என்றால், எவ்வளவிலிருந்து எவ்வளவு கூடும் என்று கேட்காமல் இருக்க முடியாது. நாற்பது வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியின் திறன் மெல்லக் குறையலாம், பனிக்குட நீர் வற்றலாம், குழந்தை உள்ளேயே மலம் கழித்து அது நுரையீரலுக்குள் போய்விடலாம், அரிதாகக் குழந்தை வயிற்றிலேயே இறந்தும் போகலாம் என்று மருத்துவர் விளக்கினார். 41 வாரம் உறுதியாக நிறைந்துவிட்ட பெண்களுக்கு வலியை வரவழைக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதைப் பற்றி நான் தேடிப் படித்தவற்றில் இரண்டு என் மனத்தில் நின்றன. சுவீடனில் 41 வாரம் நிறைந்த 2,760 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அப்போதே மருந்து வைத்து, மறு பிரிவினரை 42 வாரம்வரை காத்திருக்க வைத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது. காத்திருந்த பிரிவில் ஆறு குழந்தைகள் இறந்தன, மற்றதில் ஒன்றுகூட இறக்கவில்லை என்பதால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு, பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பு, 21,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஏறத்தாழ 544 பேருக்கு வலியை வரவழைத்தால் ஒரு குழந்தையின் இறப்பு தவிர்க்கப்படுகிறது என்று கணித்தது. இந்த எண்ணை இரண்டு பக்கமாகவும் படிக்க வேண்டும். காத்திருக்கும் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் நேராது. ஆனால் நேர்ந்தால், அதைத் திருத்த வழியே இல்லை.

எனக்கிருந்த பெரிய அச்சம் வேறு. மருந்து வைத்தால் கடைசியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்கள் என்பது எங்கள் தெருவில் எல்லாரும் சொல்வது. தமிழ்நாட்டில் அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நடந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 விழுக்காடு. நான் பார்த்துக்கொண்டதும் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில்தான். எனினும் ஆய்வுகளைப் படித்தபோது, மருந்து வைத்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சை கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருந்தது என்று தெரிந்தது. தெருப்பேச்சு எங்கே தவறுகிறது என்றால், மருந்து வைத்த பெண்ணை, அதே நாளில் தானாக வலி வந்த பெண்ணோடு ஒப்பிடுகிறது. எனக்குத் தானாக வலி வருவது என்பது என் கையில் இருந்த தெரிவே அல்ல. என் முன்னால் இருந்தவை இன்று மருந்து வைப்பதும், இன்னும் சில நாள் காத்திருந்து அப்போதும் வலி வராமல் போகக்கூடிய வாய்ப்பும்தான்.

ஆகவே மருத்துவரிடம் நேராகவே கேட்டேன்: "மருந்து வைத்த பிறகு எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள்? எந்தக் கட்டத்தில் இது பலிக்கவில்லை என்று முடிவு செய்வீர்கள்?" அவர் முகம் சுளிக்கவில்லை. கர்ப்பப்பை வாய் பழுப்பதற்கே ஒரு நாள் ஆகலாம், அதை வலியின் நேரத்தில் சேர்க்க மாட்டேன், பனிக்குடம் உடைத்து ட்ரிப்ஸ் ஏற்றிய பிறகும் குழந்தையின் துடிப்பு சரியாக இருக்கும்வரை குறைந்தது 12 மணி நேரம் பார்ப்பேன் என்றார். இந்தப் பதிலுக்குப் பிறகுதான் எனக்கு அவர்மீது முழு நம்பிக்கை வந்தது. எந்த மருத்துவரிடமும் கேட்கத் தகுந்த கேள்வி இது.

கர்ப்பப்பை வாயின் நிலைக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று 1964 முதல் இருக்கிறது. அதை உருவாக்கிய மருத்துவரின் பெயரால் பிஷப் மதிப்பெண் என்கிறார்கள். வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, எவ்வளவு மென்மையாக இருக்கிறது, எந்தத் திசையில் இருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற ஐந்தையும் கூட்டிப் போடுவது. எட்டோ அதற்கு மேலோ இருந்தால் மருந்து எளிதில் பலிக்கும். எனக்கு மூன்று. மே 8ஆம் தேதி, மீனாட்சி திருக்கல்யாணத்தன்று, வலியைத் தூண்டுவதற்காக மருத்துவர் கர்ப்பப்பை வாய்க்குள் விரலை விட்டுப் பனிக்குட உறையை மெல்ல விலக்கிவிட்டார்; அரை நிமிட வேலைதான் என்றாலும் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அன்றிரவு கொஞ்சம் இரத்தக் கசிவும் அடிவயிற்றில் இழுப்பும் இருந்தன. அம்மா சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சூட்டு வலியாக இருந்தால் அடங்கிவிடும், பிள்ளை வலியாக இருந்தால் கூடும் என்பது கணக்கு. அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் சொன்ன விளக்கெண்ணெயை மட்டும் நான் தொடவில்லை. வயிற்றுப்போக்கில் உடல் நீரை இழந்து பிரசவ அறைக்குப் போக எனக்கு விருப்பமில்லை.

முடிவை நெருக்கிக் கொண்டுவந்தவை இரண்டு. முதலாவது பனிக்குட நீர். முப்பத்தொன்பதாவது வாரத்தில் 11 சென்டிமீட்டர் இருந்த அளவு, மே 8ஆம் தேதி ஸ்கேனில் ஆறரைக்கு வந்திருந்தது. ஐந்துக்குக் கீழ் போனால் குறைவு என்று கொள்வார்கள். குழந்தையின் துடிப்பைப் பார்க்கும் என்.எஸ்.டி. சோதனை ஒவ்வொரு முறையும் நன்றாகவே இருந்தது, ஆனால் அது அந்த நேரத்தின் நிலையைத்தான் சொல்லும், இன்னும் நான்கு நாளைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்காது.

இரண்டாவது, வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம், அழகர். எங்கள் வீடு அழகர்கோவில் சாலையில் அப்பன்திருப்பதிக்குப் பக்கம். அந்த ஆண்டு சித்திரைத் திருவிழாவில், மே 10 மாலை மலையிலிருந்து இறங்கும் கள்ளழகர், வழியில் மண்டகப்படி மண்டகப்படியாக நின்று, 11ஆம் தேதி மூன்றுமாவடியில் எதிர்சேவை கண்டு, 12ஆம் தேதி அதிகாலை வைகையில் இறங்குவதாக இருந்தது. அந்த இரண்டு நாளும் எங்கள் சாலையில் சனத்தைத் தவிர வேறெதுவும் நகராது. நத்தம் சாலைப் பக்கம் சுற்றிக்கொண்டு போகலாம்தான். ஆனால் நள்ளிரவில் அசைவு குறைந்ததாகத் தோன்றினால், 108ஐ அழைத்துவிட்டு அந்தக் கூட்டத்துக்குள் எதிர்பார்த்து நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காத்திருப்பது என்றால், எந்த நேரத்திலும் மருத்துவமனையை எட்டக்கூடிய இடத்தில் காத்திருக்க வேண்டும். என் கணவரும் இதைத்தான் அத்தையிடம் சொன்னார். மாதத்தைப் பற்றி வாதாடவே இல்லை. வழியைப் பற்றிப் பேசியதும் அத்தைக்குப் பட்டென்று புரிந்தது, "அப்பன்னா சனிக்கிழமை காலையிலேயே போயிருங்க" என்றார்.

மே 10, சனிக்கிழமை பிற்பகல் கர்ப்பப்பை வாய்க்குள் பலூன் குழாய் வைத்தார்கள். சிறுநீர் போவதற்குப் போடும் அதே ரப்பர் குழாய்தான். உள்ளே சென்றதும் அதன் முனையில் உள்ள பலூனை உப்புநீரால் நிரப்பி, மறுமுனையைத் தொடையில் பிளாஸ்திரியால் ஒட்டிவிடுகிறார்கள். பலூன் வாயை அழுத்தி மெல்ல விரிக்கிறது. ஜெல் வைப்பதும், மிசோபிரோஸ்டால் மாத்திரையைச் சிறு அளவில் கொடுப்பதும் மற்ற முறைகள். குழாய் வைத்த பிறகு நடக்கலாம், சாப்பிடலாம். விடியற்காலையில் கழிப்பறையில் அது தானாக நழுவி விழுந்தபோது நான் பயந்து கத்திவிட்டேன். செவிலியர் சிரித்துக்கொண்டே, "விழுந்தாத்தாம்மா நல்லது, மூணு சென்டிமீட்டர் தொறந்திருக்கும்" என்றார்.

ஞாயிறு காலை பனிக்குடத்தை உடைத்தார்கள். நீர் லேசான பச்சையாக இருந்தது. குழந்தை உள்ளே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். நாள் கடந்தால் இது அதிகம் காணப்படுவதுதான் என்று சொல்லி, குழந்தை மருத்துவரை வரச் சொன்னார்கள். பிறகு வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் ட்ரிப்ஸ், அரைமணிக்கொரு தரம் அளவைக் கூட்டிக்கொண்டே. இந்த வலி தானாக வரும் வலியைப் போல ஏறி இறங்கி நம்மைப் பழக்குவதில்லை, சீக்கிரமே நெருக்கமாக வந்துவிடுகிறது. முதுகில் போடும் வலிகுறைப்பு ஊசி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் திருவிழாவுமாக இருந்ததால் மயக்க மருத்துவர் கிடைப்பாரா என்று சேரும்போதே உறுதி செய்துகொண்டது நல்லதாயிற்று. மாலையில் துடிப்பு இறங்கி இறங்கி மீண்டதால், கடைசியில் வேக்குவம் என்ற உறிஞ்சு கருவியைக் குழந்தையின் தலையில் வைத்து இழுத்து எடுத்தார்கள். மகள். மூன்று கிலோ இருநூறு கிராம். பிறந்தவுடன் அழுதாள். உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் வறண்டு உரிந்திருந்தது. நகங்கள் விரல் நுனியைத் தாண்டி வளர்ந்திருந்தன. தலையில் வேக்குவம் வைத்த இடத்து வீக்கம் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிட்டது.

இப்போது மேலூரில் இருக்கும் என் சித்தி மகள் இதே கேள்வியோடு நிற்கிறாள். அவளுக்கு என் முடிவை அப்படியே சொல்ல முடியவில்லை. அவளுக்கு முதல் ஸ்கேன் எடுத்ததே ஐந்தாம் மாதத்தில்தான், அதனால் நாள் கணக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பின்னாக இருக்கலாம். முதல் குழந்தை அறுவைச் சிகிச்சையில் பிறந்ததால், பழைய தையல் பிரியும் ஆபத்தை எண்ணி மிசோபிரோஸ்டால் மாத்திரையும் அவளுக்குக் கொடுக்க மாட்டார்கள். தானாக வலி வருகிறதா என்று எதுவரை பார்ப்பது, பலூன் குழாய் வைக்க முடியுமா, தையல் பிரிந்தால் உடனே அறுவைச் சிகிச்சை செய்ய அந்த மருத்துவமனையில் இரவிலும் ஆள் இருக்குமா, இரத்தம் தயாராக இருக்குமா என்ற கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறேன். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கையையும் பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.