பென்டிரைவுக்கு முன்னால் அழிரப்பர்

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. 11 போடலாம் என்றால் எட்டாம் தலைமுறை இன்டெல் புராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் கேட்கிறது. வீட்டு மூலையில் துணி போர்த்திக் கிடக்கும், கோர் 2 டுயோ என்ற பழைய இன்டெல் புராசஸர் உள்ள பெட்டிகள் அந்தக் கணக்கிலேயே வராது. அவற்றுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளம், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு சரியாக இருக்கும். 2029 வரை அப்டேட் உண்டு. 64 பிட் மட்டும்தான். கோர் 2 டுயோ எல்லாமே 64 பிட். ஆரம்பகாலப் பென்டியம் 4 என்றால் ஆசையை விட்டுவிடுங்கள்.

இன்ஸ்டால் பாதியில் நின்றால் பழி லினக்ஸ் மேல் விழும். கோளாறு பெரும்பாலும் கேபினெட்டுக்குள் இருக்கும். அதனால் முதல் வேலை ஸ்க்ரூடிரைவருக்கு.

சேலத்தில் எதிரி தூசியும் சூடும். இன்ஸ்டால் ஆகும்போது சுருக்கி வைத்த ஃபைல்களை விரிக்க வேண்டியிருப்பதால் புராசஸருக்கு ஓய்வே கிடையாது. புராசஸரின் சூட்டை ஃபேனுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் பத்துப் பதினைந்து வருடத்தில் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிரும். சித்திரை வெயிலில் 40 டிகிரி தாண்டும்போது பெட்டி தானாக அணைந்துவிடும். பழையதைத் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணிக்குக் கொஞ்சம் குறைவாகப் புதுசு வையுங்கள். ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் பின்களும் போர்டுக்கு அந்தப் பக்கம் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று தூக்கியிருந்தாலும் பேஸ்ட் போட்டது வீண். கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் அந்த போர்டில் நேரம் செலவழிக்காதீர்கள்.

ஏற்காட்டில் கதை வேறு. அங்கே பனியும் ஈரமும் ராமின் பொன்னிறக் காண்டாக்டுகளைக் கறுக்க வைக்கும். ஆன் செய்தால் நீளமாக பீப் வரும், அல்லது இன்ஸ்டால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கும். ஒரே இடத்தில் நின்றால் பென்டிரைவையோ டிஸ்க்கையோ சந்தேகப்படலாம். இடம் மாறிக்கொண்டே இருந்தால் ராம்தான். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பரால் இரண்டு பக்கமும் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, க்ளிக் சத்தம் வரும்வரை அழுத்துங்கள். மலையில் கோடை மழை இடியோடு வரும். யுபிஎஸ் இல்லாமல் இன்ஸ்டாலைத் தொடங்கவேண்டாம். இடி நேரத்தில் பிளக்கோடு லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். பாதி போர்டுகளில் லேன் போர்ட் செத்துப்போவது அந்த வழியாகத்தான்.

போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை யோசிக்காமல் மாற்றுங்கள். அது தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்புறம் எந்த இணையதளமும் சான்றிதழ் பிழை காட்டும், அப்டேட்டும் வராது. நெட் கோளாறு என்று ரௌட்டரை நாலு முறை அணைத்துப் போட்டுப் பார்ப்பவர்கள் மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

ராம் 4 ஜிபி இருக்கட்டும். 2 ஜிபியிலும் ஓடும், ஆனால் பிரவுசரில் மூன்றாவது டேப் திறந்ததும் திணறும். ஜி31 சிப்செட் போர்டு என்றால் ராம் வகை டிடிஆர்2, அதிகபட்சம் 4 ஜிபி. டிடிஆர்3 போடும் ஜி41-இல் ஒரு பொறி உண்டு: 4 ஜிபி குச்சி வாங்கினால் இரு பக்கமும் எட்டெட்டாக 16 சிப் உள்ளதாகப் பார்த்து வாங்கவேண்டும். எட்டே சிப் உள்ளதை அந்த போர்டு ஏற்காது. கடையில் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்பார்கள். ஒன்றில்லை.

பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே போடுவது கஞ்சத்தனம். 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போதும். அந்தக் கால சாட்டா போர்ட் எஸ்எஸ்டியின் முழு வேகத்தைத் தராது. ஆனாலும் முள் தேடி அலையும் நேரம் மிச்சமாவதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பழைய டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், அழிக்கவேண்டாம். ஏன் என்பது கீழே வரும்.

இனி இன்ஸ்டாலுக்கு 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும், மின்ட்டை அதில் ஏற்ற ரூஃபஸ் என்ற மென்பொருள் வேண்டும். ரூஃபஸில் பார்ட்டிஷன் முறை, அதாவது டிஸ்க்கைப் பிரிக்கும் முறை, கேட்கும் இடத்தில் பழைய முறையான எம்பிஆர் தேர்ந்தெடுங்கள். பின்பக்க யுஎஸ்பியில் செருகுங்கள். முன்பக்க வயர்கள் தளர்ந்திருக்கும். பூட் மெனுவில் பென்டிரைவ் பெயர் காணாவிட்டால், பயாஸில் (ஆன் செய்ததும் வரும் போர்டின் செட்டிங் திரை) ஹார்ட் டிஸ்க் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும். அங்கே போய் முதலிடத்துக்கு ஏற்றவேண்டும். திரை கறுத்துப்போனால் மின்ட்டின் தொடக்க மெனுவில் உள்ள கம்பேட்டிபிலிட்டி மோடில் பூட் செய்யுங்கள்.

இனி பலர் விழும் குழி. டிஸ்க்கை முழுசாக அழித்துப் போடச் சொன்னால் இன்ஸ்டாலர் ஜிபிடி என்ற புது முறையில் பிரிக்கலாம். சில பழைய பயாஸ்களுக்கு ஜிபிடி புரியாது. இன்ஸ்டால் அழகாக முடியும், ரீஸ்டார்ட் செய்தால் பூட் டிஸ்க் இல்லை என்று வரும். அதைத் தவிர்க்க, பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் திரையிலேயே, டிஸ்க்கைப் பிரிக்க உதவும் ஜிபார்ட்டட் திறந்து, பார்ட்டிஷன் டேபிளை எம்எஸ்டாஸ் (எம்பிஆரின் இன்னொரு பெயர்) என்று உருவாக்குங்கள். பிறகு இன்ஸ்டாலரில் 'சம்திங் எல்ஸ்' எடுத்து, முழு இடத்தையும் ஒரே இஎக்ஸ்டி4 ஆக்கி, மவுன்ட் பாயின்ட்டாகச் சாய்கோடு (/) கொடுங்கள். ஆன் செய்ததும் லினக்ஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் போகவேண்டியது எஸ்டிஏ (முழு டிஸ்க்), எஸ்டிஏ1 (அதன் முதல் பிரிவு) அல்ல.

யுஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிளுக்கு டிரைவர் கிடைக்காவிட்டால் செல்போனைக் கேபிளில் மாட்டி யுஎஸ்பி டெதரிங் போட்டு அதன் நெட்டைப் பயன்படுத்துங்கள். அப்டேட் முடிந்த பிறகு டாங்கிளைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது பழைய டிஸ்க். அதிலுள்ள மனுக்கள், கல்யாணப் பத்திரிகை மேட்டர் எல்லாம் வானவில், பாமினி எழுத்துருவில் அடித்தவையாக இருக்கும். யூனிகோடு இல்லாததால் மின்ட்டில் உள்ள லிப்ரே ஆபீஸில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸிலிருந்து அந்த எழுத்துருக்களைக் காப்பி செய்து, ஒவ்வொன்றையும் டபுள் கிளிக் செய்து நிறுவுங்கள். ஃபைல் அப்படியே திறக்கும். புதிதாகத் தமிழில் அடிப்பதற்கு ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்களைப் போட்டு தமிழ்99 விசைப்பலகை முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

கொலுசுப் பட்டறையில் டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டரில் இந்த வேலை வேண்டாம், டேலிக்கு விண்டோஸ்தான். பிரின்டரையும் முன்கூட்டியே பாருங்கள். எச்பி லேசர்ஜெட் 1020-ஐ ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர்தான் அதற்கு ஃபர்ம்வேர், அதாவது அதை இயக்கும் நிரல், ஊட்டவேண்டும். எச்பி பிரின்டர்களுக்கான லினக்ஸ் மென்பொருளான எச்பிலிப் கேட்கும் பிளகின் இறங்காவிட்டால், பிரின்ட் கொடுத்த தாள் வரிசையில் நிற்கும், மெஷின் அசையாது. நெட் இருக்கும்போதே எச்பிலிப்பின் எச்பி-செட்டப்பை ஓட்டி, பிளகின் கேட்கும் இடத்தில் சரி கொடுத்துவிடுங்கள்.