தோன்றா எழுவாய்

வேலையில் சேர்ந்த முதல் வாரம் நான் எழுதிய முதல் அலுவலகக் குறிப்பை மூத்த உதவியாளர் ஒருவர் சிவப்பு மையால் அடித்துத் திருத்திக் கொடுத்தார். "மனுவைப் படித்தேன்" என்று எழுதியிருந்தேன். அதை "மனு பரிசீலிக்கப்பட்டது" என்று மாற்றியிருந்தார். "கோப்புல ஆளே தெரியக் கூடாது தம்பி, வேலை மட்டும்தான் தெரியணும்" என்றார். நல்ல மனிதர். மதியம் தன் தூக்கிலிருந்து ராகிக் களியில் பாதியைப் பிய்த்து எனக்கு வைப்பார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அது 1993. கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் இல்லை, 2004 பிப்ரவரியில்தான் பிரிந்தது. ஓசூரிலிருந்து அரூர் வரை எல்லாமே தருமபுரி. வருவாய்த்துறையில் 30 வருடம் இந்த இரண்டு மாவட்டத்துத் தாலுகா அலுவலகங்களிலேயே ஓடிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழய்யா 'தோன்றா எழுவாய்' சொல்லிக் கொடுத்தது இப்போதும் நினைவிருக்கிறது. "வந்தான்" என்றாலே போதும், "அவன்" என்று தனியாக எழுத வேண்டாம், எழுவாய் வெளியே தெரியாவிட்டாலும் விகுதி காட்டிக் கொடுத்துவிடும் என்பார். அலுவலகத் தமிழில் அந்த விகுதியும் போய்விடுகிறது. "நடவடிக்கை எடுக்கப்பட்டது." யார் எடுத்தது? "பதற்றம் நிலவியது." யார் உண்டாக்கியது? "அசம்பாவிதம் நிகழ்ந்துவிட்டது." மழை பெய்ததைப் போல, தானாக.

இந்த நாட்டின் அரசியல் சீர்கேட்டுக்கும் பாதுகாப்புச் சிக்கலுக்கும் யார் பொறுப்பு என்ற பேச்சு அலுவலகத்து எதிர் டீக்கடையில் தினமும் நடக்கும். ஒரு பக்கம், எல்லாம் அரசியல்வாதிகளால் என்பார்கள். இன்னொரு பக்கம், காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிற ஜனங்களால் என்பார்கள். 30 வருடம் இரண்டையும் கேட்டிருக்கிறேன். இரண்டு பதிலிலும் ஒரு ஆள் விடுபட்டுப் போகிறார். கட்சிக்கும் ஜனங்களுக்கும் நடுவில், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்கும் ஆள். அதாவது நான்.

அரசமைப்புச் சட்டத்தைப் படித்தால் பொறுப்பு மேலே எங்கேயோ இருப்பதாகத்தான் தோன்றும். பொது ஒழுங்கும் காவல்துறையும் மாநிலப் பட்டியலில் முதல் இரண்டு இனங்கள். உள்நாட்டுக் குழப்பத்திலிருந்து மாநிலங்களைக் காப்பது ஒன்றிய அரசின் கடமை என்கிறது 355-ஆவது பிரிவு. மாநில அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது 164. எல்லாம் சரி. ஆனால் ஒரு ஊரில் நாளைக்குக் கைகலப்பு ஆகப் போகிறது என்ற செய்தி டெல்லிக்கோ கோட்டைக்கோ முதலில் போவதில்லை. வி.ஏ.ஓ. காதுக்கு வரும். அவர் வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.யிடம் சொல்வார். அது ஒரு காகிதமாகித் தாலுகா அலுவலகத்தில் ஒருவர் மேசைக்கு வந்து சேரும். தாசில்தார் நிர்வாக நடுவரும்கூட. பிணைப்பத்திரம் வாங்குவது, தடை உத்தரவு போடுவது, நிலத் தகராறில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பது எல்லாம் இந்த நிர்வாக நடுவர்கள் வழியாகத்தான். நாட்டின் பாதுகாப்பு என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது எங்கள் மேசைக்கு வரும்போது கயிறு கட்டிய ஒரு கோப்பு.

அப்படி ஒரு கோப்பு என் கையில் இருந்தது. எந்தத் தாலுகா, எந்த ஊர் என்பது வேண்டாம்.

ஒரு காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை இல்லை. நில அளவை வரைபடமான புலப்படத்தில் வண்டிப்பாதை தெளிவாக இருந்தது. நிலத்தில் அது பக்கத்து வயலோடு சேர்ந்து உழப்பட்டுவிட்டது. பிணம் விழுந்தால் ஏரிக்கரையைச் சுற்றி இரண்டு மைல் தூக்கிப் போவார்கள். ஊர்க்காரர்களுக்கும் காலனிக்காரர்களுக்கும் வாய்த்தகராறு முற்றிக்கொண்டே வந்தது. அந்தக் காலனிப் பெண் ஒருவர் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்தார். மனு எங்களுக்கு வந்தது. அடுத்த சாவுக்கு அடிதடி ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது என்று அதிலேயே எழுதியிருந்தார்.

நான் என்ன செய்தேன்? "சட்டம் ஒழுங்கு சார்ந்த பொருள் என்பதால் காவல் ஆய்வாளருக்கு அனுப்பலாம்" என்று குறிப்பு வைத்தேன். அனுப்பினோம். இது நில அளவை சார்ந்தது, வருவாய்த்துறைதான் பார்க்க வேண்டும் என்று பதில் வந்தது. சர்வேயருக்கு அனுப்பினோம். நிலத்தில் பயிர் நிற்கிறது, அறுவடைக்குப் பிறகு அளக்கலாம் என்று எழுதி வந்தது. அறுவடை முடிந்தது. சர்வேயர் மாறுதலில் போனார். என் கைக்கு வரும் காகிதங்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக மாதா மாதம் "நினைவூட்டு அனுப்பப்பட்டது" என்று எழுதிக்கொண்டே வந்தேன். பதிவேட்டைச் சோதித்த மேலதிகாரி ஒருமுறை பாராட்டினார்கூட, நிலுவை இல்லாமல் வைத்திருக்கிறேன் என்று. ஏழு மாதம். ஒவ்வொரு காகிதத்திலும் சரியான காரணம் இருந்தது, ஒன்றில்கூடப் பொய் இல்லை.

ஆடி மாதம் காலனியில் ஒரு கிழவர் இறந்தார். இந்த முறை சுற்றிப் போக மாட்டோம் என்று பாடையை நேராக வயல் வழியே எடுத்தார்கள். கல் பறந்தது. மனு கொடுத்த பெண்ணின் மகன், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பையன், பாடைக்கு முன்னால் பறையடித்துக்கொண்டு போனவன், ஒரு கல் பட்டு இடது கண்ணை இழந்தான். அன்று இரவு 11 மணிக்குக் கலெக்டர் அலுவலகத்துக்கு அறிக்கை போக வேண்டும். என் கையால்தான் எழுதினேன்: "சவ ஊர்வலத்தின்போது சிறு சலசலப்பு ஏற்பட்டது. நிலைமை கட்டுக்குள் உள்ளது."

பத்து நாள் கழித்து அந்தப் பெண் அலுவலகத்துக்கு வந்தார். என் மேசை பக்கத்தில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "சார், அந்தக் காயிதம் உங்ககிட்டதானே இருந்துச்சு?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை, திட்டவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்டது போல இருந்தது. "போலீசுக்கு அனுப்பிட்டோம்மா" என்றேன். அது உண்மை. அனுப்புகைப் பதிவேட்டில் எண்ணும் தேதியும் இருக்கின்றன. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று மதியம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே என்னால் முடியவில்லை.

கல்லை எறிந்தவன்தான் முதல் குற்றவாளி. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பாதையை உழுது சேர்த்துக்கொண்டவர் அடுத்தவர். செத்த பிறகும் ஒரு மனிதனுக்கு வழி விடாத சாதி எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. ஆனால் ஒரு சர்வேயரும் நானும் ஒரு அளவுச் சங்கிலியோடு அரை நாள் அந்த வயலில் நின்றிருந்தால் அந்தப் பையனுக்கு இரண்டு கண் இருந்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டே "யார் பொறுப்பு" என்று டீக்கடையில் அரசியல் பேச என்னால் அதற்குப் பிறகு முடியவில்லை.

நான் வேலைக்கு வருவதற்கு முந்தைய வருடம், 1992 ஜூன் 20 அன்று, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்திக்குள் சந்தனக்கட்டைச் சோதனை என்ற பெயரில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து நுழைந்தன. பழங்குடி மக்களின் ஊர். வீடுகளை நொறுக்கினார்கள், ஆடுமாடுகளைக் கொண்டுபோனார்கள், 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். பிறகு அடிபட்டவர்களையே சிறையில் போட்டார்கள். நான் சேர்ந்த புதிதில் அலுவலகத்தில் அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே குரல் தாழ்ந்துவிடும். உயர் நீதிமன்றம் சொல்லி சி.பி.ஐ. விசாரிக்க 1995 ஆயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் உயிரோடு இல்லை. மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 126 பேர் வனத்துறை, 84 பேர் காவல்துறை, 5 பேர் வருவாய்த்துறை.

அன்று எங்கள் அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை. "மேலே இருந்து சொன்னா கீழே இருக்கறவன் என்ன சார் பண்ணுவான்?" என்று ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டார். "நம்மாளு அஞ்சு பேருதான்" என்று இன்னொருவர் ஆறுதல் பட்டார். எனக்கு அந்த 5 பேரின் நினைப்பில்தான் தூக்கம் போயிற்று. துப்பாக்கி இல்லாத எங்கள் துறைக்கு அந்த ஊரில் என்ன வேலை? வருவாய்த்துறை ஆள் கூட நின்றால்தான் நடப்பது சட்டப்படியான சோதனை போல இருக்கும். அதற்காகத்தான் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் அடிக்க, இன்னொருவர் பக்கத்தில் நின்று அதை முறையான காரியம் போல ஆக்கிக் கொடுக்கிற வேலை. அதை நானும் என் மேசையிலிருந்தே செய்திருக்கிறேன். "சிறு சலசலப்பு" என்று எழுதியது வேறு என்ன?

பணி ஓய்வு பெற்ற அதே வருடம், 2023 செப்டம்பர் 29, மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. அதற்கு முன் நீதிபதியே வாச்சாத்திக்கு வந்து ஊரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றத்தான் ஏழைகளைப் பலியாக்கினார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. செல்போனில் செய்தியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மேலிடம் சொன்னது என்று கீழே இருப்பவர் ஒதுங்க முடியாது என்றது 2011. கீழே என்ன நடந்தது என்றே தெரியாது என்று மேலே இருப்பவர் ஒதுங்க முடியாது என்றது 2023. 1992-இலிருந்து 31 வருடம் அந்தப் பெண்கள் நீதிமன்றப் படி ஏறி இறங்கினார்கள். பெரிய கட்டடங்களில் இருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலையை அவர்கள் செய்து முடித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் இப்படி எழுவாய் கிடைத்துவிடுவதில்லை. 2000 பிப்ரவரி 2, பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதித்துத் தீர்ப்பு வந்த நாள். எங்கள் தருமபுரியை ஒட்டிய இலக்கியம்பட்டியில் வேளாண் கல்லூரி மாணவிகள் வந்த பஸ்ஸுக்குத் தீ வைத்து மூன்று பெண்களை உயிரோடு கொளுத்தினார்கள். மரண தண்டனை பெற்ற மூன்று பேருக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, கும்பல் வெறியில் நடந்தது என்று. 2018-இல் வெளியே வந்துவிட்டார்கள். தூக்கில் போட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கும்பல் என்ற சொல் என்னை உறுத்துகிறது. அதுவும் எழுவாயை மறைக்கிற சொல்தான். தலைவருக்குத் தண்டனை என்றால் சாலையை மறிப்போம், பஸ்ஸை உடைப்போம், அது விசுவாசம் என்று தொண்டனுக்குப் பல வருடமாகப் பழக்கிக் கொடுத்த கட்சிகளின் பெயர் எந்தத் தீர்ப்பிலும் குற்றவாளிப் பட்டியலில் வராது.

அப்புறம் 2012. தருமபுரி பக்கத்துத் தலித் குடியிருப்புகளான நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. அக்டோபரில் ஒரு சாதி மறுப்புத் திருமணம், நவம்பர் 7-இல் மூன்று ஊரும் எரிந்தன. நடுவில் இருந்த அத்தனை நாட்களும் யாருடைய மேசையில் கிடந்தன என்றுதான் செய்தியைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது.

ஜனங்கள்தான் காரணம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை முதுகில் ஏற்றிக் கொண்டுபோவார்கள், வண்டி போகிற சாலை இல்லாததால். ஒவ்வொரு தேர்தலுக்கும் பேப்பரில் அந்தப் படம் வரும். சாலை கேட்டுக் கேட்டே ஓட்டுப் போட்ட அந்த ஜனங்களிடம் போய், நீங்கள் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? ஓட்டுப் போடுகிறவருக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு நாள். அமைச்சருக்கும் கலெக்டருக்கும் தாசில்தாருக்கும் எனக்கும் மீதி எல்லா நாளும். யார் கையில் எவ்வளவு நாள் இருந்ததோ அவ்வளவு பொறுப்பு அவர்களுடையது. ஒரே போனில் நிறுத்தியிருக்கக் கூடியவருக்கு அதிகம், நினைவூட்டு அனுப்பியவருக்கு அதைவிடக் குறைவு. குறைவு என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

போன தை மாதம் அந்தக் காலனிக்குப் போனேன். விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, பெயர் சொன்னதும் தெரிந்தது. மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறானாம். "அன்னிக்குக் கேட்டீங்களேம்மா, காயிதம் என்கிட்டதான் இருந்துச்சு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "தெரியும் சார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. பிறகு எழுந்து என்னை வயல் பக்கம் கூட்டிப் போனார். அளவுக்கல் நட்டிருந்தது. கல்லிலிருந்து சுடுகாடு வரை முள்தான். "கல்லு நட்டு நாலு வருசம் ஆச்சு. பாதை இன்னும் போடல. இதுக்கு யாருக்கு சார் எழுதணும்?"

திரும்பி வந்து அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதினேன். "பாதை அமைக்கப்படவில்லை" என்று பழக்கத்தில் கை எழுதிவிட்டது. அதை அடித்துவிட்டு, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் அந்த வேலையைச் செய்ய வேண்டிய அதிகாரியின் பதவியைப் போட்டு, "நீங்கள் பாதை அமைக்கவில்லை" என்று எழுதினேன். படித்துக் காட்டினேன். "இப்படி எழுதினா கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, பேனாவை வாங்கி அந்த அம்மா கையெழுத்துப் போட்டார்.