எனக்கு அது சோப்புதான்

கொத்தமல்லித்தழை பிடிக்காது என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் முதலில் வருவது பரிதாபம், அப்புறம் சந்தேகம். “சும்மா மனசுல நினைச்சுக்கிறே, ரெண்டு நாள் சாப்பிட்டா பழகிடும்” என்பார்கள். காரம் தாங்காது என்று ஒருவர் சொன்னால் இப்படி யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. காரம் எல்லோர் நாக்கையும் ஏதோ ஒரு நாள் சுட்டிருக்கிறது, அதனால் புரிந்துவிடுகிறது. மல்லித்தழையில் அந்த வசதி இல்லை. மணக்கிறவர்களுக்கு அது மணக்கத்தான் செய்யும். சோப்பைக் கரைத்து ஊற்றியது போல இருக்கிறது என்று நான் சொல்வது அவர்கள் காதில் நாடகமாகத்தான் விழும்.

நாடகமா இல்லையா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஓர் இலையை மெல்ல வேண்டும். அப்போது அது எனக்கும் வெறும் பச்சைப்புல்தான். கொஞ்சம் துவர்ப்பு, கொஞ்சம் ஈரம், அவ்வளவே. விரலை எடுத்து மூச்சை வெளியே விட்ட நொடியில் தொண்டையின் பின்பக்கமிருந்து அந்த நெடி ஏறும். முகம் கழுவும்போது வாயோரம் நுழைந்த நுரையை அவசரமாகத் துப்புவோமே, அதே நெடி. நாக்கு இதில் குற்றமற்றது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கு செய்கிற வேலை. மெல்லும்போது வாயிலிருந்து பின்வழியாக மேலே போகிற வாசனை அது.

மேலே போவது என்ன என்பது வேதியியல்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். கசக்கிய இலையிலிருந்து கிளம்புவதில் பெரும்பகுதி ஆல்டிஹைடுகள் என்ற வகை வேதிப்பொருள்கள். டெக்கனால், டெக்கீனால், டோடெக்கீனால் என்று பத்தும் பன்னிரண்டுமாகக் கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலிகள். வாசனைத் திரவியம் செய்கிறவர்களுக்கு இந்தக் குடும்பம் பழைய சிநேகிதம். 1921-ல் வந்த ஷனெல் நம்பர் 5 இத்தகைய ஆல்டிஹைடுகளைத் தாராளமாகச் சேர்த்துத்தான் பேர் வாங்கியது. சோப்புக்குப் ‘பளிச்’ என்ற வாசனை ஏற்றவும் இந்த வகைதான் உதவுகிறது. ஆக, சோப்பு என்று என் மூக்கு சொல்வது கற்பனை இல்லை. உறவுக்காரரைச் சரியாக அடையாளம் காட்டுகிறது, அவ்வளவுதான்.

சிலர் சோப்பு என்று சொல்ல மாட்டார்கள், பூச்சி என்பார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை. செடிகளில் கேடயம் போல் தட்டையாக உட்கார்ந்திருக்கும் ஒரு வகைப் பூச்சியைத் தொட்டால் கையில் ஒரு வாடை ஒட்டிக்கொள்ளும். தன்னைக் காத்துக்கொள்ள அது பீய்ச்சுகிற திரவத்திலும் டெக்கீனால் இருக்கிறது.

விஷயம் இலையின் உருவத்தில் இல்லை, இந்த மூலக்கூறுகளில்தான் என்பதற்கு எரிஞ்சியம் ஃபெட்டிடம் என்ற செடி நல்ல சாட்சி. நீளமான இலை, ஓரத்தில் ரம்பப் பல். பார்த்தால் மல்லிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று தோன்றும். ஆனால் அதில் டோடெக்கீனால் நிறைய. பெயர் தெரியாமல் ஒரு முறை கிள்ளி முகர்ந்துவிட்டு நான் பின்வாங்கிய வேகத்தைப் பார்த்து, கூட இருந்தவர்கள் இலையில் ஏதோ கடித்துவிட்டது என்று பயந்தார்கள்.

அதே மல்லியின் விதை எனக்கு உயிர். இதைச் சொன்னால் முன்பு பரிதாபப்பட்டவர்கள் இப்போது வெற்றிச் சிரிப்பு சிரிப்பார்கள்: “விதை மட்டும் எப்படி இறங்குது?” இறங்கும், தாராளமாக இறங்கும். காய் பச்சையாக இருக்கும்வரை அதிலும் இலையின் வாடைதான். தொட்டியில் விட்ட செடி பூத்துக் காய்த்தபோது ஒரு பச்சை மணியை நகத்தால் நசுக்கிப் பார்த்தேன், அதே சோப்பு. காய் முற்றி பழுப்பேறக் காயும்போது ஆல்டிஹைடுகள் குறைந்து லினலூல் மேலே வருகிறது. லாவெண்டரிலும் இருக்கிற இனிய, பூ வாசனைப் பொருள். காய்ந்த விதை எண்ணெயில் பாதிக்கு மேல் அதுதான். விதையை வெறும் சட்டியில் வறுக்கும்போது எழும்பும் மணத்துக்காகவே அடுப்படியில் நிற்பேன். இலையைக் கண்டால் ஓடுகிற ஆள் விதையைக் கண்டால் நிற்பதில் முரண் எதுவும் இல்லை. இரண்டும் வேறு வேறு வாசனைப் பொருள்கள்.

சரி, ஒரே மூலக்கூறு ஒருவருக்கு ஏன் மணம், இன்னொருவருக்கு ஏன் நெடி? இங்கேதான் எனக்கு எதிர்த்தரப்போடு மட்டுமல்ல, என் தரப்போடும் சண்டை. மல்லி பிடிக்காதவர்களில் பலர் இப்போது “எனக்கு அந்த ஜீன் இருக்கு” என்று சான்றிதழ் நீட்டுவது போலச் சொல்கிறார்கள். அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்றால், 2012-ல் 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை. ஐரோப்பிய வம்சாவளியினர் 14,604 பேரிடம் மல்லித்தழை சோப்பு மாதிரி இருக்கிறதா என்று கேட்டு, பதிலை அவர்கள் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். 11-ஆம் குரோமோசோமில், மோப்ப ஏற்பிகளுக்கான, அதாவது மூக்கில் வாசனையைப் பிடிக்கும் புரதங்களுக்கான, மரபணுக்கள் கூட்டமாக இருக்கும் இடத்தில், ஒரு சிறு வேறுபாடு அகப்பட்டது. அந்தக் கூட்டத்தில் ஓஆர்6ஏ2 என்ற ஏற்பி இருக்கிறது; மல்லியில் உள்ள ஆல்டிஹைடுகளை அது நன்றாகவே பிடிக்கும். செய்தி உலகம் சுற்றியது.

அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருந்தது, அது அவ்வளவு சுற்றவில்லை. சோப்பு வாடை தெரிவதில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில், அவர்கள் அளந்த பொதுவான மரபணு வேறுபாடுகள் எல்லாம் சேர்ந்து விளக்கியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வில் மரபின் பங்கு இதைவிடக் கூடுதலாகத் தெரிந்தது, ஆனால் அதிலும் கணக்கு முழுதாகத் தீரவில்லை. மனிதரிடம் வேலை செய்யும் மோப்ப ஏற்பிகள் ஏறக்குறைய 400 வகை. ஒரு வாசனை பல ஏற்பிகளைத் தட்டும், ஓர் ஏற்பி பல வாசனைகளுக்குத் திறக்கும். இதில் ஒன்றை மட்டும் பிடித்து இதுதான் மல்லி ஜீன் என்று பெயர் சூட்டுவது அவசரம்.

என் தம்பிக்கு மல்லித்தழை இல்லாமல் சாப்பாடே இறங்காது. ஒரே அப்பா அம்மா, ஒரே அடுப்பு, ஒரே தட்டு. மரபணுக் கட்சிக்கு இது ஒன்றும் சிக்கலில்லை. உடன்பிறந்தவர்களுக்குச் சராசரியாகப் பாதிதான் பொது, எனக்கு வந்தது அவனுக்கு வராமல் போகலாம். பழக்கக் கட்சிதான் திணறும், ஏனென்றால் வளர்ந்த சூழல் எங்கள் இருவருக்கும் ஒன்று.

பழக்கத்துக்கு வேலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. அதே 2012-ல் டொராண்டோவில் இளைஞர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மல்லித்தழை பிடிக்காது என்றவர்கள் கிழக்காசிய வம்சாவளியினரில் 21 சதவீதம், ஐரோப்பியரில் 17, ஆப்பிரிக்கரில் 14, தெற்காசியரில் 7, லத்தீன் அமெரிக்கரில் 4, மத்தியக் கிழக்கினரில் 3. கடைசி மூன்றைப் பார்த்தால், அந்த இலை தினம் சமையலில் புழங்குகிற வீடுகளில் வெறுப்பு குறைவு என்று சொல்லத் தோன்றும். ஆனால் முதலில் நிற்கும் 21 இடிக்கிறது. சீனச் சமையலில் மல்லித்தழைக்கு இடமில்லையா என்ன? எனக்கு அந்தப் பட்டியலில் பிடித்தது வேறு: எந்த வரியிலும் பூஜ்யம் இல்லை. எல்லாப் பக்கமும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், சிறுபான்மையாக, தட்டோரம் இலைகளைக் குவித்துக்கொண்டு.

எங்கள் கட்சியில் சமையல்காரர்கள்கூட உண்டு. பிரெஞ்சுச் சமையலை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோன ஜூலியா சைல்டுக்கு மல்லித்தழை ஆகாது. 2002-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், கண்ணில் பட்டால் பொறுக்கித் தரையில் எறிந்துவிடுவேன் என்றார். ஊருக்கே ருசி சொல்லித்தந்தவர் அவர். நாக்கு செத்தவர்கள் என்று எங்களைச் சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி, பழகுமா என்ற கேள்வி. சிலருக்குப் பழகியிருக்கிறது. மூளை ஒரு வாசனையை ‘சாப்பிடுகிற பொருள்’ என்ற பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறதா, ‘கழுவுகிற பொருள்’ என்ற பக்கத்திலா என்பதுதான் இதில் முக்கியம். நல்ல சாப்பாட்டோடு திரும்பத் திரும்ப வந்தால் பக்கம் மாறலாம். எனக்கு இதுவரை மாறவில்லை.

அரைப்பதில் மட்டும் உண்மையிலேயே பலன் கண்டேன். இலையை நசுக்கும்போது அதிலேயே இருக்கும் நொதிகள் வெளியே வந்து ஆல்டிஹைடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு பொருளாக மாற்றுகின்றன, நெடி தணிகிறது. விழுதாக அரைத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தால் சோப்பு பின்னால் போய்ப் பச்சை வாசம் முன்னால் வந்திருக்கும். விரும்பிச் சாப்பிடுவேன் என்று சொல்ல மாட்டேன். முகம் சுளிக்காமல் விழுங்கலாம். சூடும் உதவும், கொதியில் போட்டால் வாடையில் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும், இறக்கியபின் தூவினால் முழுசாக இருக்கும். மல்லிப் பிரியர்கள் கடைசியில் தூவுவதும், நான் அந்தக் கடைசி நிமிஷத்துக்குப் பயப்படுவதும் ஒரே காரணத்தால்தான்.

எனவே என் கோரிக்கை சின்னது. தூவியே ஆக வேண்டும் என்றால் காம்போடு முழு இலையாகப் போடுங்கள். பொறுக்கி எடுத்துவிடுவேன், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பொடிப்பொடியாக நறுக்கித் தூவினால் வாடையும் கூடும், பொறுக்கவும் முடியாது. தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. என் பங்கையும் சேர்த்து அள்ளிப் போட்டுக்கொள்ளத் தம்பி இருக்கிறான்.